நவம்பர் வரை காத்திருந்தால் உங்கள் கவுண்டித் தேர்தல் முடிந்திருக்கும்

கேட்டவர் டெக்சாஸில் ஒரு சிறிய கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மருத்துவமனையில் டாக்டர். சென்ற ஆண்டு குடியுரிமை கிடைத்திருக்கிறது. மனைவிக்கு இன்னும் கிரீன் கார்டுதான். அவருடைய கேள்வி இது: "மார்ச்சில் பிரைமரி என்று ஊர் முழுக்கப் பலகை நட்டிருக்கிறார்கள். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. நவம்பரில் பொதுத்தேர்தல் வரும்போது ஓட்டுப் போட்டால் போதாதா? பிரைமரிக்குப் போனால் கட்சிக்காரன் என்று பெயர் விழுந்துவிடுமா? போவதென்றால் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டை வாங்குவது?"

போதாது. உங்கள் கவுண்டியின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் பதில் அநேகமாக மாறியிருக்காது. டெக்சாஸின் 254 கவுண்டிகளில் பெருநகரங்களையும் அவற்றின் புறநகர்களையும் கழித்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுகிற இடங்களில் கவுண்டிப் போலீசின் தலைவரான ஷெரிஃப் யார், நிர்வாகத்தை நடத்தும் கவுண்டி ஜட்ஜும் கமிஷனர்களும் யார் என்பது பெரும்பாலும் மார்ச்சிலேயே முடிவாகிவிடும். மார்ச்சில் யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டுக் கிடைக்காவிட்டால், முதல் இருவருக்கும் இடையே மே கடைசியில் நடக்கும் ரன்ஆஃப் என்ற இரண்டாம் சுற்றில் முடியும். நவம்பர் சீட்டில் அந்தப் பதவிகளுக்கு நேரே ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். தாலி கட்டி முடிந்த பிறகு மொய் எழுதப் போவது மாதிரி.

இந்தியாவிலிருந்து வந்த நமக்கு இது சட்டென்று பிடிபடாது. அங்கே வேட்பாளரைக் கட்சித் தலைமை முடிவு செய்யும். நமக்கு வேலை தேர்தல் நாளில்தான். இங்கே வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதே வாக்காளர்கள்தான், அதற்குத்தான் பிரைமரி. இரண்டு கட்சிகளும் சமபலத்தோடு இருக்கிற இடத்தில் பிரைமரி முதல் சுற்று. ஒரு கட்சி மட்டும் இருக்கிற இடத்தில் அதுவே கடைசிச் சுற்றும்.

டெக்சாஸில் 1994க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி மாநில அளவிலான பதவி ஒன்றைக்கூட வென்றதில்லை. கிராமப்புறங்களில் நிலவரம் இன்னும் ஒருபக்கமானது. வடக்கே பான்ஹேண்டில் பகுதியில் ராபர்ட்ஸ் கவுண்டி என்று ஒன்று. 2020ல் அங்கே பதிவான ஓட்டில் 96 சதவீதம் ட்ரம்புக்கு. இப்படிப்பட்ட கவுண்டியில் ஜனநாயகக் கட்சி சார்பில் கமிஷனர் பதவிக்கு நிற்க யார் வருவார்? அந்தக் கட்சிக்குக் கவுண்டித் தலைவர்கூட இல்லாததால் அதன் பிரைமரியே நடக்காமல் போன இடங்களும் உண்டு. தெற்கே மெக்சிகோ எல்லையோரம் போனால் இதே கதை தலைகீழாக ஓடியது. ஸ்டார் கவுண்டியில் தலைமுறை தலைமுறையாக ஜனநாயகக் கட்சியின் பிரைமரிதான் தேர்தல். 2024ல் அங்கே அதிபர் ஓட்டில் குடியரசுக் கட்சி ஜெயித்தது, நூறாண்டுக்கும் மேல் கழித்து. ஆகவே நான் சொல்வது ஒரு கட்சியைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் டாக்டர் என்பதால் ஒரு பதவியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ், ஊர்வழக்கில் ஜே.பி. அபராதச் சீட்டு, வாடகைத் தகராறு, சின்னக் கடன் வழக்கு எல்லாம் இவர் முன்னால் வரும். ஆனால் உங்களுக்கு அவரைத் தெரிந்திருப்பது வேறு வழியில். மெடிக்கல் எக்ஸாமினர் (மரணங்களை விசாரிக்கும் அரசு மருத்துவர்) இல்லாத கவுண்டிகளில், அதாவது டெக்சாஸின் மிகப் பெரும்பாலான கவுண்டிகளில், சந்தேக மரணம் என்றால் கூப்பிடுவது இவரைத்தான். நள்ளிரவில் நெடுஞ்சாலை விபத்துக்கும் பண்ணைவீட்டுத் தற்கொலைக்கும் இவர்தான் வருவார். மரண விசாரணை நடத்துவதும், உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதும், சான்றிதழில் மரணத்தின் காரணத்தை எழுதுவதும் இவர் வேலை. மருத்துவப் படிப்பு தேவையில்லை, வக்கீலாகவும் இருக்கவேண்டியதில்லை. பரிசோதனைக்கு உடலைத் தொலைதூர நகரத்துக்கு அனுப்பவேண்டும், செலவு கவுண்டியின் தலையில். அந்தச் செலவுக்குப் பணம் ஒதுக்குவது கமிஷனர்கள். அந்த ஜே.பி.யும் கமிஷனர்களும் கட்சிச் சின்னத்தில், பிரைமரி வழியாகத்தான் வருகிறார்கள்.

கவுண்டி ஜட்ஜும் அப்படியே. பெயரில் ஜட்ஜ் இருந்தாலும் முதல் வேலை நிர்வாகம்: நான்கு கமிஷனர்களோடு உட்கார்ந்து பட்ஜெட் போடுவது, வரி விகிதம் வைப்பது. சிறிய கவுண்டிகளில் உயில் வழக்குகளும், மனநோயாளி ஒருவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பும் விசாரணைகளும்கூட இவரிடம் வரும். இவரும் வக்கீலாக இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உங்கள் நோயாளி ஒருவரை மனநல மருத்துவமனையில் வைக்க ஆணை வேண்டும் என்று நீங்கள் எழுதித் தரும் தாளை வாசிப்பவர், சென்ற மாதம்வரை மாட்டுப்பண்ணை வைத்திருந்தவராக இருக்கலாம். நல்ல பண்ணையாளர் நல்ல ஜட்ஜாகவும் இருக்கலாம், நான் குறை சொல்லவில்லை. அவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நீங்கள் வீட்டில் இருப்பதுதான் பிரச்சினை.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். பேச்சுக்கு, கவுண்டியில் 12,000 பேர் என்று வையுங்கள். கமிஷனர் பதவி ஒவ்வொன்றும் கவுண்டியின் கால் பங்குக்கு, அதாவது 3,000 பேருக்கு. அதில் பதிவுசெய்த வாக்காளர் சுமார் 2,000. 2024 மார்ச் பிரைமரியில் மாநிலம் முழுவதும் குடியரசுக் கட்சிப் பக்கம் சுமார் 23 லட்சம் பேர், ஜனநாயகக் கட்சிப் பக்கம் 10 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டையும் சேர்த்தாலும் பதிவான வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. உங்கள் கமிஷனர் தொகுதியில் அதைவிட அதிகமாக, 500 பேர் வந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஜெயிக்க 251. ரன்ஆஃபுக்கு இன்னும் குறைவாகத்தான் வருவார்கள். உங்கள் வீட்டுக்கு வரும் மண்சாலையில் கிரேடர் வண்டி எப்போது ஓடும், ஓடையின் மேல் பாலம் எப்போது சரியாகும் என்பதெல்லாம் அந்த இருநூற்றுச் சொச்சம் பேர் கையில். டெக்சாஸ் கவுண்டிகளுக்குப் பொதுவாக நிலப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லை. அதனால் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் பெரிய தொழிற்சாலை வருகிறதென்றால், வரிச்சலுகை தருவதா இல்லையா என்று கமிஷனர்கள் எடுக்கும் முடிவுதான் உள்ளூரின் கையிலிருக்கும் முக்கியமான ஆயுதம்.

இனி, கட்சிக்காரன் என்று பெயர் விழுமா என்ற கேள்வி. டெக்சாஸில் வாக்காளராகப் பதிவு செய்யும்போது கட்சியைக் கேட்கமாட்டார்கள். பிரைமரி நாளில் வாக்குச்சாவடியில், இந்த முறை எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். கொள்கைப் பரீட்சை கிடையாது, உறுப்பினர் சந்தா கிடையாது. அந்த ஆண்டு முடியும்வரை சட்டத்தின் பார்வையில் நீங்கள் அந்தக் கட்சியோடு சேர்ந்தவர். அதன் விளைவுகள் சில்லறையானவை: மே மாத ரன்ஆஃபில் மற்றக் கட்சிப் பக்கம் போட முடியாது, மற்றக் கட்சியின் மாநாட்டில் கலந்துகொள்ள முடியாது, சுயேச்சை வேட்பாளரின் மனுவில் கையெழுத்திடுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். ஜனவரி பிறந்தால் கணக்கு புதிது. மார்ச்சில் போகாமலே இருந்துவிட்டு ரன்ஆஃபுக்கு மட்டும் போகிறவர் எந்தக் கட்சியையும் தேர்ந்தெடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

ஒன்றை மறைக்கக்கூடாது. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். எந்தக் கட்சியின் பிரைமரியில் போட்டீர்கள் என்பது ரகசியமல்ல. அது பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். வேட்பாளர்கள் அந்தப் பட்டியலை வைத்துத்தான் கடிதம் அனுப்புகிறார்கள், கதவைத் தட்டுகிறார்கள். ஒருமுறை பிரைமரியில் ஓட்டுப் போட்டுவிட்டால் அடுத்த தேர்தலில் உங்கள் தபால்பெட்டி நிறைந்துவிடும்.

நான் சில தேர்தல்களில் வாக்குச்சாவடிக் கிளார்க்காக உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் சாவடி தன்னார்வலர்களின் தீயணைப்பு நிலையம். விடிவதற்குள் வண்டியை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, அது நின்ற இடத்தில் மடக்கு மேசைகளைப் போடுவோம். தரையில் எண்ணெய்க்கறை அப்படியே இருக்கும், மூலையில் யாரோ கொண்டுவந்த க்ராக்பாட்டில் பீன்ஸ் வெந்துகொண்டிருக்கும். காலை 7 மணிக்குத் திறந்தால் இரவு 7 மணி; அந்த நேரத்தில் வரிசையில் நிற்கிற கடைசி ஆள்வரை ஓட்டுப் போட்டுத்தான் போவார். வருகிறவர் அடையாள அட்டையை நீட்டுவார். பட்டியலில் பெயரைப் பார்த்து, முகவரி அதேதானா என்று கேட்டுவிட்டு அடுத்துக் கேட்கவேண்டியது: எந்தப் பிரைமரி?

நவம்பரில் கிடையாத கேள்வி இது. சின்ன ஊரில் இதற்கு வாய்விட்டுப் பதில் சொல்லச் சிலருக்குக் கூச்சம். பின்னால் நிற்பவர் தீவனக் கடைக்காரர், எதிரே உட்கார்ந்திருப்பவர் பிள்ளையின் பள்ளி டீச்சர். சிலர் குரலைத் தாழ்த்துவார்கள், சிலர் விரலால் காட்டுவார்கள். இரண்டு கட்சிகளும் தனித்தனியாகப் பிரைமரி நடத்தும் கவுண்டியில் இன்னும் சங்கடம்: மேசையே வேறு. ஆளில்லாத மேசையை நோக்கி ஒருவர் நடந்துபோவதை அறை முழுக்கப் பார்க்கும். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. அந்தக் கூச்சத்தாலேயே பிரைமரி பக்கம் வராதவர்கள் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். உங்களுக்கும் அது இருந்தால் முன்கூட்டியே ஓட்டுப் போடும் நாட்களில் போங்கள், கூட்டம் குறைவு.

அச்சடித்த சீட்டு என்றால் கவிழ்த்துக் கலைத்து வைத்திருப்பார்கள், வரிசை எண் தெரியாதபடி நீங்களே ஒன்றை எடுக்கவேண்டும். பின்புறம் எலெக்‌ஷன் ஜட்ஜின், அதாவது சாவடிப் பொறுப்பாளரின், கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பேசியை எடுக்காதீர்கள், ஓட்டுப் போடும் இடத்திலிருந்து 100 அடிக்குள் அதைப் பயன்படுத்தத் தடை. வேட்பாளர் பெயர் போட்ட தொப்பி, பனியனுக்கும் அதே 100 அடிதான் எல்லை. தொப்பியைக் கழற்றச் சொன்னால் கோபப்படுகிற பெரியவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் வருவார்கள்.

டெக்சாஸில் பிரைமரியை நடத்தும் பொறுப்பு கட்சியுடையது, இது பலருக்கு வியப்பாக இருக்கும். உள்ளூர்ப் பதவிக்கு வேட்புமனுவை வாங்குவது கட்சியின் கவுண்டித் தலைவர். கட்டணமும் அவரிடம்தான்: இரண்டு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட கவுண்டியில் கமிஷனர் பதவிக்கு 750 டாலர், ஜே.பி.க்கு 375. செலவின் பெரும்பகுதியை மாநில அரசு ஈடுசெய்கிறது. பல கவுண்டிகளில் கட்சிகள் கவுண்டி கிளார்க்கோடு ஒப்பந்தம் போட்டு வேலையை அவர் அலுவலகத்திடம் விட்டுவிடும். விடவேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2024 மார்ச் 5 அன்று, ஃப்ரெடெரிக்ஸ்பர்க் ஊர் இருக்கும் கில்லெஸ்பி கவுண்டியில் குடியரசுக் கட்சி எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை இயந்திரம் வேண்டாம் என்று கையால் எண்ணியது. தன்னார்வலர்கள் மறுநாள் விடியற்காலைவரை கோடு போட்டு எண்ணினார்கள். பிறகு சரிபார்த்தபோது பல பிரிசிங்க்டுகளின் (வாக்குப்பதிவு வட்டாரங்களின்) கணக்குத்தாளில் தவறுகள் இருந்தன, திருத்தவேண்டி வந்தது. இயந்திரத்தை நம்பாதவர்களுக்குக் கூட்டல் கணக்கும் கைகொடுக்கவில்லை. ஆனால் அதை முடிவு செய்யும் உரிமை அந்தக் கட்சியின் கவுண்டிக் கிளைக்கு இருந்தது, அந்தக் கிளையின் தலைவரும் பிரிசிங்க்ட் தலைவர்களும் அதே பிரைமரிச் சீட்டில் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். சீட்டின் அடியில் இருக்கும் அந்தப் பெயர்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கில்லெஸ்பி என்றதும் லிண்டன் ஜான்சன் நினைவுக்கு வருகிறார். அவருடைய பண்ணை அந்தக் கவுண்டியில்தான். அவர் அதிபர் ஆனதற்கு அடித்தளமே ஒரு கிராமப்புறக் கவுண்டியின் பிரைமரி ரன்ஆஃப். அப்போது டெக்சாஸ் முழுக்க ஜனநாயகக் கட்சியின் ராஜ்யம், அதன் பிரைமரியில் ஜெயித்தால் நவம்பர் வெறும் சடங்கு. 1948 ஆகஸ்ட் 28ல் செனட் பதவிக்கு ஜான்சனுக்கும் முன்னாள் கவர்னர் கோக் ஸ்டீவன்சனுக்கும் ரன்ஆஃப். ஏறக்குறைய பத்து லட்சம் ஓட்டு. முதலில் ஸ்டீவன்சன் முந்தியிருந்தார். ஆறு நாள் கழித்து, ஜிம் வெல்ஸ் கவுண்டியின் ஆலிஸ் நகரில் 13ஆம் எண் பெட்டியின் கணக்கு திருத்தி வந்தது: ஜான்சனுக்கு 765 என்று இருந்தது 965 ஆகியிருந்தது. பட்டியலின் கடைசியில் சேர்ந்திருந்த 202 பெயர்களும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், அகரவரிசையில் இருந்தன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பக்கத்து டுவால் கவுண்டியை ஆட்டிவைத்த ஜார்ஜ் பாரின் பிடியிலிருந்த பகுதி அது. ஜான்சன் 87 ஓட்டில் ஜெயித்தார். முடிவுக்குச் சான்று அளித்தது கட்சியின் மாநிலச் செயற்குழு, 29க்கு 28 என்ற கணக்கில். அந்தப் பெட்டியின் எலெக்‌ஷன் ஜட்ஜாக இருந்த லூயிஸ் சாலஸ், ஓட்டுகள் பொய்யாகச் சேர்க்கப்பட்டவை என்று 1977ல் செய்தியாளரிடம் ஒப்புக்கொண்டார். ஜான்சன் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பொய் ஓட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், சட்டபூர்வமாகவே கதவைச் சாத்திய கதையும் டெக்சாஸில் உண்டு. இன்று சுகர்லேண்டில் தமிழ்க் குடும்பங்கள் நிறையக் குடியிருக்கும் ஃபோர்ட் பெண்ட் கவுண்டி, ஒரு காலத்தில் பருத்தியும் கரும்பும் விளைந்த நாட்டுப்புறம். கறுப்பின வாக்காளர்கள் எண்ணிக்கையில் பலமாக இருந்த இடம். 1889ல் அங்கே வெள்ளையர்கள் ஜேபேர்ட் சங்கம் என்று ஒன்றை அமைத்தார்கள். ஜனநாயகக் கட்சிப் பிரைமரிக்கு முன்னால் அந்தச் சங்கம் தனக்குள் ஒரு தேர்தல் நடத்தும். வெள்ளையர் மட்டும் வாக்களிக்கலாம். அதில் ஜெயித்தவர் பிரைமரியில் நிற்பார், பெரும்பாலும் எதிர்ப்பே இருக்காது, பொதுத்தேர்தலிலும் இருக்காது. கறுப்பினத்தவரைப் பிரைமரியிலிருந்து விலக்குவது செல்லாது என்று 1944ல் ஸ்மித்–ஆல்ரைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜேபேர்டுகள் அசரவில்லை: நாங்கள் கட்சியல்ல, தனியார் சங்கம் என்றார்கள். கறுப்பினத்தவர் பிரைமரிக்கு வரலாம், பொதுத்தேர்தலுக்கும் வரலாம். முடிவு மட்டும் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். 1953ல் டெர்ரி–ஆடம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற தீர்ப்பில் அதையும் செல்லாதாக்கியது. உண்மையான முடிவு எங்கே எடுக்கப்படுகிறதோ அங்கே வாக்குரிமை இருக்கவேண்டும் என்பதே சாரம். ஒரே கட்சி ஆளும் இடத்தில் தேர்தல் எப்போதும் ஒரு படி முன்னால் நகர்ந்துகொண்டே போகும். ஃபோர்ட் பெண்டின் கறுப்பினத்தவரை அந்த முன்படியிலிருந்து மற்றவர்கள் தள்ளி வைத்தார்கள். நவம்பர் போதும் என்று நினைக்கிற நீங்கள் உங்களை நீங்களே தள்ளி வைத்துக்கொள்கிறீர்கள்.

இது கவுண்டிக்குள் முடிகிற விஷயமும் அல்ல. 2023 நவம்பரில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் திட்டத்தை டெக்சாஸ் கீழவை 84க்கு 63 என்று மசோதாவிலிருந்து நீக்கியது. ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து நீக்கியவர்களில் 21 பேர் குடியரசுக் கட்சிக்காரர்கள், பலரும் கிராமப்புறத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் கவலை புரிந்துகொள்ளக் கூடியது: இந்த ஊர்களில் தனியார் பள்ளியே இருக்காது, அரசுப் பள்ளிதான் ஊரின் பெரிய முதலாளி, வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பாலும் அங்கேதான். கவர்னர் கிரெக் ஆபட் நவம்பர் தேர்தலுக்காகக் காத்திருக்கவில்லை. 2024 மார்ச் பிரைமரியில் தன் கட்சிக்காரர்களையே எதிர்த்து இறங்கினார். பென்சில்வேனியாவின் கோடீஸ்வரர் ஜெஃப் யாஸ் அவருக்கு ஒரே காசோலையில் 60 லட்சம் டாலர் கொடுத்திருந்தார். விளம்பரங்களில் பள்ளியைவிட எல்லைப் பிரச்சினைதான் அதிகம். நாக்கடோச்சஸின் டிராவிஸ் கிளார்டி தோற்றார், கால்நடை மருத்துவரும் பண்ணையாளருமான க்ளென் ராஜர்ஸ் தோற்றார், மே ரன்ஆஃபில் இன்னும் சிலர் தோற்றார்கள். வடகிழக்கு மூலையின் கேரி வான்டீவர், பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்தவர், ரன்ஆஃபில் தப்பித்தார். 2025 மே மாதம் 100 கோடி டாலர் வவுச்சர் திட்டம் சட்டமானது. அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபடலாம். அதன் தலையெழுத்தை எழுதியது சில ஆயிரம் பிரைமரி வாக்காளர்கள் என்பதில் வேறுபட இடமில்லை. பணம் போட்டவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

எந்தச் சீட்டை வாங்குவது? உங்கள் ஊரில் போட்டி எந்தச் சீட்டில் இருக்கிறதோ அதை. மாதிரிச் சீட்டுகளைக் கவுண்டித் தளத்தில் போடுவார்கள்; இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் கவுண்டி ஜட்ஜுக்கு மூன்று பெயர், ஜே.பி.க்கு இரண்டு பெயர் இருக்கும்; மற்றதில் கவுண்டிப் பதவிகள் காலியாக இருக்கும். நான் முதலாவதைத்தான் எடுப்பேன். இது கள்ளத்தனம் என்று சிலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்வதில்லை. உங்கள் ஷெரிஃபைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது, அதற்கு வைத்திருக்கும் வாசல் இது ஒன்றுதான். குடியரசுக் கட்சியின் மாநிலத் தலைமைக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. பிரைமரியைத் தன் ஆதரவாளர்களுக்கு மட்டும் என்று மூடக் கோரி 2025ல் நீதிமன்றம் போயிருக்கிறது. ஆனால் நீங்கள் தருகிற விலை ஒன்று உண்டு. அந்தச் சீட்டை எடுத்தால் மற்றக் கட்சியின் செனட், கவர்னர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்குப் பங்கில்லை. உங்களுக்கு வாஷிங்டன்தான் முக்கியம் என்றால் நான் சொல்வதைக் கேட்காதீர்கள், மனதுக்குப் பட்ட கட்சியின் சீட்டையே வாங்குங்கள். சீட்டின் முடிவில் "ஆம், இல்லை" என்று சில தீர்மானங்கள் வரும். அவை கட்சியின் கருத்துக்கணிப்பு, சட்டமாகாது, நேரம் செலவழிக்க வேண்டாம்.

2026க்கு நாட்கள்: பிரைமரி மார்ச் 3, பதிவுக்குக் கடைசி நாள் பிப்ரவரி 2, முன்கூட்டிய வாக்களிப்பு பிப்ரவரி 17 முதல் 27 வரை, ரன்ஆஃப் மே 26. கவுண்டி ஜட்ஜ், கவுண்டி கிளார்க், ட்ரெஷரர், ஜே.பி., 2ஆம் 4ஆம் கமிஷனர் பதவிகள் 2026ல். ஷெரிஃபும் 1, 3 கமிஷனர்களும் அதிபர் தேர்தல் ஆண்டில். பாதிக்கு மேல் ஓட்டு வாங்காவிட்டால் ரன்ஆஃப் உறுதி, அதனால் மே மாதத்தை மறந்துவிடாதீர்கள். மருத்துவமனை மாவட்டத்தின் இயக்குநர் குழு, பள்ளி வாரியம் போன்றவை கட்சியில்லாத் தேர்தல்கள். அவை இந்தச் சீட்டில் வராது, பெரும்பாலும் மே முதல் சனிக்கிழமையோ நவம்பரிலோ நடக்கும். உங்கள் சம்பளத்தை முடிவு செய்வது அந்த இயக்குநர்களாக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யும் இடம் பெரும்பாலான சிறு கவுண்டிகளில் வரி அலுவலகம். கார் நம்பர் ப்ளேட் ஸ்டிக்கர் வாங்கும் அதே ஜன்னல்தான். அடையாளத்துக்கு டெக்சாஸ் ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய குடியுரிமைச் சான்றிதழ் எல்லாம் செல்லும். கைத்துப்பாக்கி உரிமம் செல்லும், கல்லூரி அட்டை செல்லாது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். ட்யூட்டி நேரம் இடிக்கும் என்றால் முன்கூட்டிய நாட்களில் கோர்ட்ஹவுஸுக்குப் போய்வாருங்கள். தபால் ஓட்டு 65 வயதானவர்கள், உடல்நலமில்லாதவர்கள், அந்த நாட்களில் கவுண்டியில் இல்லாதவர்கள் போன்ற சிலருக்கு மட்டும்.

உங்கள் மனைவி விஷயத்தில் மட்டும் துளியும் விளையாடக் கூடாது. கிரீன் கார்டில் இருப்பவர் ஓட்டுப் போடவும் கூடாது, பதிவு செய்யவும் கூடாது. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும் படிவத்தில், வாக்காளராகப் பதிய விருப்பமா என்ற கேள்விக்குக் கவனக்குறைவாக "ஆம்" என்று குறித்தாலும் பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் அது வந்து நிற்கும். 2017ல் டாரண்ட் கவுண்டி நீதிமன்றத்தில், கிரீன் கார்டு வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு வாக்களித்த குற்றத்துக்காக 8 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். பிரைமரி ரன்ஆஃபும் அவர் வாக்களித்த தேர்தல்களில் ஒன்று. யாராவது தெருமுனையில் படிவத்தை நீட்டினால் வாங்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். வேட்பாளருக்கு நன்கொடை தருவது, வீட்டுமுன் பலகை நடுவது, வேட்பாளர் கூட்டத்தில் எழுந்து அந்த ஜே.பி.யிடம் கேள்வி கேட்பது, இதெல்லாம் கிரீன் கார்டிலேயே செய்யலாம்.